படிப்பகத்துப் பழைய கம்ப்யூட்டரும் ஒன்பது மணி கேட்டும்



ரொம்ப நாளாக எழுதவில்லை. "சார் உடம்பு சரியில்லையா?" என்று மூன்று நான்கு பேர் விசாரித்துவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை மட்டும் வழக்கம்போல் கூட வருகிறது. எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத வேண்டியது கொஞ்சம் கூச்சமான விஷயம். இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதிவு நீளம். அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

எங்கள் ஊர்ப் படிப்பகம் உங்களில் பல பேருக்குத் தெரியும். நீங்கள் சேர்த்துக் கொடுத்த பணத்திலும், பெங்களூரில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பழைய கம்ப்யூட்டர்களிலும்தான் அது நடக்கிறது. எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஃபைபர் இணைப்பு. சாயங்காலம் ஆனால் குரூப் 4 படிக்கிற பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு சாவி என்னிடம்தான் இருக்கிறது. இயற்பியல் வாத்தியார் கம்ப்யூட்டருக்கு எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, "கரண்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் பிசிக்ஸ் சார்தான்" என்று என் தலையில் கட்டினார்கள். அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை.

படிப்பகத்துக்கு அடுத்த அறையில் ஒரு ஜெராக்ஸ் கடை. நடத்துபவனும் என் பழைய மாணவன்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இணைப்புக்கு மாதக் கட்டணத்தில் பாதி அவன் கொடுக்கிறான். சுவரில் ஓட்டை போட்டு ஒரு கேபிள் அவன் கடைக்குப் போகிறது. எங்கள் பிரிண்டரில் அவனும் பிரிண்ட் எடுப்பான், பேப்பர் மட்டும் அவனுடையது. நல்ல ஏற்பாடு.

போன ஆண்டு ஒரு தொல்லை ஆரம்பித்தது. சாயங்காலமானால் நாலு கம்ப்யூட்டரில் நெட் வரும், நாலில் வராது. மறுநாள் வராதது வரும், வந்தது வராது. ஒரு பையன், "சார், ஆறாம் நம்பர் மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்றான். நானும் கேபிளை மாற்றினேன், சுவிட்சை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. நெட் வருகிற கம்ப்யூட்டரின் முகவரியையும் வராததன் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஒன்று 192.168.1 என்று ஆரம்பித்தது. இன்னொன்று 192.168.0. ஒரே அறையில் இருக்கிற எட்டு கம்ப்யூட்டருக்கு இரண்டு தெருப் பெயர்!

நடந்தது இதுதான். ஒரு கம்ப்யூட்டரைப் போட்டதும் அது, "எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்" என்று பொதுவாகக் கூவும். இதற்கு டிஹெச்சிபி என்று பெயர். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ பெரும்பாலும் அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். எங்கள் மோடம் பதில் சொன்னால் நல்ல முகவரி. கடைக்காரன் வாடிக்கையாளர்களுக்காகப் புதிதாக ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கி, வெளி இணைப்புக்கான துளையில் சொருக வேண்டிய கேபிளை உள் துளையில் சொருகிவிட்டான். அந்த ரவுட்டரும் "நான் தருகிறேன் முகவரி" என்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அது காட்டிய வழியில் போனால் முட்டுச் சந்து. பேய் கடைக்குள் இருந்தது.

கேபிளைச் சரியான துளைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் நாளைக்கு இன்னொருவர் இன்னொரு பெட்டியைச் சொருகினால்? அதோடு இன்னொரு கவலையும் இருந்தது. கடைக்கு வருகிற பென்டிரைவ்களில் இல்லாத வைரஸ் கிடையாது. கடை கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டது சுவரைத் தாண்டி நம் பிள்ளைகள் படிக்கிற கம்ப்யூட்டருக்கு வர எவ்வளவு நேரமாகும்?

பெங்களூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் நம் மாணவன் ஒருவனுக்கு போன் போட்டேன். "சார், மோடத்துல இருக்கிற ஃபயர்வால் இதுக்கு உதவாது. வெளியில இருந்து வர்றதைத்தான் அது பாக்கும். கடைக்கும் உங்களுக்கும் நடுவுல போறது அது கண்ணுலயே படாது. ரெண்டும் ஒரே நெட்வொர்க். நடுவுல ஒரு பிரிட்ஜ் வையுங்க, அதுல ஃபில்டர் போடுங்க" என்றான்.

பிரிட்ஜ் என்றால் பாலம்தான். நம் வகுப்பு வழக்கப்படி கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கேபிளில் போகிற ஒவ்வொரு தகவல் துண்டும் ஒரு தபால் உறை மாதிரி. ஈதர்நெட்டில் அதற்கு ஃப்ரேம் என்று பெயர். உறையின் மேலே முதலில் யாருக்கு, அடுத்து யாரிடமிருந்து, பிறகு உள்ளே என்ன வகைச் சரக்கு என்று எழுதியிருக்கும். அந்த யாருக்கு, யாரிடமிருந்து என்பவைதான் மேக் முகவரி. ஒவ்வொன்றும் 48 பிட். சரக்கு வகைக்கு ஒரு எண் உண்டு. 0800 என்றால் சாதாரண ஐபி. 0806 என்றால் ஏஆர்பி. 86டிடி என்றால் ஐபி ஆறாம் பதிப்பு. இந்த 0806-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வில் வரும்.

ரவுட்டர் என்பது இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கிற தபால் நிலையம். பிரிட்ஜ் அப்படியல்ல. ஒரே தெருவின் இரண்டு பாதிகளை ஒட்டுகிற பாலம். இந்தப் பக்கம் யார் யார் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் யார் யார் என்று வருகிற உறைகளைப் பார்த்தே தானாகக் கற்றுக்கொள்ளும். கொஞ்ச நேரம் சத்தமில்லாதவர்களை மறந்துவிடும். லினக்ஸில் வழக்கமான கணக்கு 300 விநாடி. பாலம் இருப்பதே இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் தெரியாது. யாருடைய முகவரியையும் மாற்ற வேண்டாம். அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்றில் நம் சுவிட்ச், மற்றதில் கடைக் கேபிள். இரண்டையும் சேர்த்து பிரிட்ஜ் ஆக்கினால் நடுவில் நின்று ஒவ்வொரு உறையையும் பார்க்கலாம். ஒகேனக்கல் ரோட்டில் சாவடிக்காரர் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறந்து பார்ப்பது மாதிரி.

இதற்கான கருவிகள் எல்லாம் லினக்ஸில் இலவசம். ஐபிடேபிள்ஸ் 2001-ல் வந்த 2.4 கெர்னலிலேயே உண்டு. பிரிட்ஜுக்கென்றே தனியாக ஈபிடேபிள்ஸ் என்று ஒன்றை பார்ட் டி ஷூய்மர் என்பவர் எழுதினார். 2003 கடைசியில் வந்த 2.6 கெர்னலில் அது சேர்ந்தது. 2014 முதல் இரண்டுக்கும் மாற்றாக என்எஃப்டேபிள்ஸ் இருக்கிறது. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் இருந்த பாஸ் லினக்ஸை அழித்துவிட்டு சினிமா ஏற்றிய பிள்ளைகளே, நீங்கள் அழித்ததற்குள்ளும் இந்த வித்தையெல்லாம் இருந்தது!

முதல் இரண்டு நாள் எனக்கு வீணாகப் போனது. பழக்கத்தில் ஐபிடேபிள்ஸில் விதிகளை எழுதினேன். ஒரு உறைகூட மாட்டவில்லை. பிறகுதான் தெரிந்தது, பாலத்தின் மேல் போகிற உறைகள் அந்த வழிக்கே வராது. பிஆர்-நெட்ஃபில்டர் என்ற துணைப் பகுதியை ஏற்றினால்தான் அங்கே திருப்பிவிடப்படும். மேட்டு ரோட்டில் வண்டி போக, பள்ளத்து ரோட்டில் சாவடி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பாலத்துக்கென்று இருக்கிற இடத்திலேயே விதிகளை எழுதினேன்.

விதிப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்றால், உறை வந்ததும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு விதியாகப் பார்க்கும். எந்த விதி முதலில் பொருந்தி, "விடு" அல்லது "தள்ளு" என்று சொல்கிறதோ அதோடு தீர்ப்பு முடிந்தது. எதுவுமே பொருந்தாவிட்டால் கடைசியில் ஒரு பொதுக் கொள்கை இருக்கிறது. அதை நாம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இரண்டே வழிதான். "தெரியாதவர்களை விட்டுவிடு" அல்லது "தெரியாதவர்களைத் தள்ளிவிடு".

பெங்களூர் மாணவன், "சார், முதல்ல விட்டுவிடுன்னு வையுங்க. வேண்டாதது எதுன்னு தெரிஞ்சு அதை மட்டும் தள்ளுங்க" என்றான்.

நான் கேட்பேனா? முப்பத்து நான்கு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன். "தள்ளிவிடு" என்று வைத்தேன். அதற்கு மேலே, அனுமதிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எழுதினேன். இணையப் பக்கங்களுக்கு 80, 443. பெயர் தேட 53. பிரிண்டருக்கு 9100. முகவரி கேட்கிற 67, 68. ஆனால் முகவரி கொடுக்கிற பதில் கடைப் பக்கத்திலிருந்து வந்தால் கூடாது. ஃபைல் பகிர்வுக்கான 445 பட்டியலில் கிடையாது, ஆகவே வைரஸுக்கு வழி கிடையாது. எவ்வளவு சுத்தம்! எழுதி முடித்தபோது, ஒன்பது மணிக்கு பிரேயர் மணி அடித்ததும் கேட்டைச் சாத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்து வருவேனே, அந்தத் திருப்தி வந்தது. ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இருக்கும்.

கடைக்குப் போய்ப் பார்த்தேன். நெட் வந்தது. பிரிண்டும் வந்தது. ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். "எல்லாம் ஓகே சார்" என்றான் கடைக்காரன். படிப்பகத்தைப் பூட்டினேன். பாலக் கம்ப்யூட்டர் உள்ளே, சாவி என்னிடம். அன்று அரூரில் என் அக்கா பேத்திக்கு வரவேற்பு. மதியம் பஸ் ஏறிவிட்டேன். மண்டபத்தில் செண்டை மேளம். போன் சட்டைப் பையில் அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

ராத்திரி எட்டரைக்கு எடுத்துப் பார்த்தால் பதினொரு மிஸ்டு கால். எல்லாம் கடைக்காரன்.

நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடையில் நெட் நின்றுவிட்டது. மெதுவாகக்கூட இல்லை, மொத்தமாகச் செத்துவிட்டது. அந்த நேரத்தில் கடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். உதவித்தொகை விண்ணப்பம், கடைசி நாள். அடிவாரத்து ஊர். அவள் அம்மா அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டுக் கூட வந்திருந்தார். சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஸ்கேன் செய்தாகிவிட்டது. ஏற்றுகிற நேரத்தில் நின்றது. போனிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்திருக்கிறான். கடைக்குள் சிக்னல் ஒரு கோடு. பாதி ஏறி நிற்கும். ஓடிபி திருப்பூரில் வேலை செய்கிற அப்பா நம்பருக்குப் போகும். அவர் ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்திவிட்டு எண் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை சூப்பர்வைசர் திட்டிவிட்டாராம். அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு கேபிளைப் பிடுங்கி நேராகச் சொருகினால் போதும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் கதவு பூட்டியிருந்தது.

கடையைச் சாத்திவிட்டு, அம்மாவையும் பெண்ணையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு தருமபுரி டவுனுக்குப் போயிருக்கிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ராத்திரி ஏழே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பிறகு அவர்களை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கடைசி மெசேஜ் அதுதான். "முடிஞ்சிருச்சு சார். நீங்க சாப்ட்டு வாங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படிப்பகத்தைத் திறந்து பெங்களூருக்கு போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "சார், ஏஆர்பி விட்டீங்களா?"

விடவில்லை.

0806. ஞாபகம் வைக்கச் சொன்னேனே. ஒரு கம்ப்யூட்டருக்கு எதிராளியின் ஐபி எண் தெரியும். ஆனால் உறையின் மேல் எழுத மேக் முகவரி வேண்டும். அதற்காக அது எல்லோரையும் பார்த்து, "இந்த எண் யாருடையது?" என்று கேட்கும். உரியவர், "என்னுடையது, என் மேக் முகவரி இது" என்று பதில் சொல்வார். அவ்வளவுதான் ஏஆர்பி. 1982-ல் டேவிட் பிளம்மர் எழுதிய சின்ன ஏற்பாடு. பிற எல்லாமும் அதன் மேல்தான் நிற்கிறது. நான் பெரிய பெரிய கதவுகளுக்கெல்லாம் எண் போட்டு அனுமதி எழுதிவிட்டு, "நீ யாரப்பா?" என்று விசாரிப்பதற்கே வழி விடவில்லை. ஐந்து நிமிடம் வேலை செய்தது எப்படி என்றால், கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலைக் கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருக்கும். அந்த ஞாபகம் தீர்ந்ததும் மறுபடி கேட்டன. கேள்வி பாலத்திலேயே விழுந்துவிட்டது. பதிலுக்கு ஒரு "கூடாது" கூட இல்லை. தள்ளப்பட்டவனுக்குத் தான் தள்ளப்பட்டது தெரியாது. காத்திருந்து, காத்திருந்து, நின்றுவிடும்.

பத்து மணிக்குக் கடை திறந்தான். போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "தப்பு பண்ணிட்டேன்ப்பா, பூட்டிட்டுப் போயிட்டேன்" என்றேன்.

அவன் ஜெராக்ஸ் மெஷின் டிரேயில் பேப்பர் அடுக்கிக்கொண்டே, கோபமில்லாமல், சிரித்துக்கொண்டுதான் சொன்னான்: "பரவால்ல சார். எனக்குப் பழக்கம்தானே."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

1997. அவன் பதினொன்றாம் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நிற்கிற கூட்டத்தில் அவன் இருப்பான். என் சட்டம் உங்களுக்குத் தெரியும். மணி அடித்த பிறகு யார் வந்தாலும் முதல் பீரியட் முடியும்வரை உள்ளே வர முடியாது. யாராக இருந்தாலும் சரி. ஹெட்மாஸ்டர் மகனையே ஒரு தடவை வெளியில் நிறுத்தியிருக்கிறேன். அதைப் பெருமையாக எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன்! காலை முதல் பீரியட் பெரும்பாலும் இயற்பியல்.

அவன் ஊர் வத்தல்மலை. அப்போது மலைக்கு பஸ் கிடையாது. இருட்டில் எழுந்து நடந்து இறங்கி, அடிவாரத்துக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் எங்கள் பள்ளி ஸ்டாப்புக்கு வருவதே ஒன்பது பத்துக்கு. அவன் எவ்வளவு சீக்கிரம் இறங்கினாலும் அதே பஸ்தான். இது எனக்கு எப்போது தெரியும் என்றால், போன ஆண்டு, அந்த ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தபோது. அவனே சொன்னான். இருபத்தெட்டு வருடம் கழித்து.

"ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

அரையாண்டோடு நின்றுவிட்டான். திருப்பூர் போய் பனியன் கம்பெனியில் பத்து வருடம். பிறகு திரும்பி வந்து இந்தக் கடை. அவன் நின்றதற்குக் காரணம் என் கேட் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். அவனும் சொல்லவில்லை. வீட்டுக் கஷ்டம் இருந்தது. ஆனால் இயற்பியலில்தான் அவன் தேறவில்லை. முதல் பீரியட் இயற்பியல். கூட்டிப் பார்க்க எனக்குக் கணக்கு தெரியும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஃபில்டர் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் காவிக் கறை, இன்னும் போனால் எலும்பில் வலி. என் வகுப்பில் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிற பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்! 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். தண்ணீரில் விஷம் இருக்கிறது என்பதற்காக யாரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எது கெடுதல் என்று கண்டுபிடித்து, அது இல்லாத தண்ணீருக்கு வழி செய்தார்கள். இதை வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். கேட்டில் நிற்கும்போது மட்டும் மறந்துவிட்டேன்.

சரி, பாலத்துக்கு என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் பொதுக் கொள்கையை "விட்டுவிடு" என்று மாற்றினேன். ஒரு வாரம் எதையும் தள்ளவில்லை, எண்ண மட்டும் செய்தேன். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் இதுவரை எத்தனை உறை மாட்டியது என்று கணக்கு காட்டும். அதைப் பார்த்தாலே தெருவில் யார் யார் போகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. ஏஆர்பி எவ்வளவு போகிறது என்று பார்த்து நானே வெட்கப்பட்டேன். 86டிடி-யும் நிறையப் போகிறது. ஐபி ஆறாம் பதிப்பையும் நான் முதல் பட்டியலில் மறந்திருந்தேன்.

பிறகு இரண்டே விதி. கடைப் பக்கத்திலிருந்து முகவரி கொடுக்கிற பதில், அதாவது 67-லிருந்து கிளம்பி வருகிற யுடிபி, தள்ளு. கடைப் பக்கத்திலிருந்து நம் கம்ப்யூட்டர்களின் 445-க்கும் 139-க்கும் வருவது, தள்ளு. ஐபி ஆறாம் பதிப்புக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி. மற்றதெல்லாம் போகலாம். தள்ளுவதைக் குறித்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன். எதைத் தள்ளினோம் என்று தெரியாமல் தள்ளக் கூடாது.

பெரிய ஆஸ்பத்திரி, பேங்க் மாதிரி இடங்களில் "தள்ளிவிடு" என்றுதான் கொள்கை வைக்க வேண்டும், அதுதான் சரி. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே அதை வைப்பவர் முதலில் உள்ளே யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வார். கேட்காமல் வைப்பதுதான் தப்பு.

பிள்ளைகளின் செல்போன் மேக் முகவரிகளை எல்லாம் ரிஜிஸ்டர் மாதிரி எழுதி வைத்து, அவற்றை மட்டும் விடலாமா என்றும் ஒரு யோசனை இருந்தது. பெங்களூர்க்காரன் சிரித்தான். இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தானே ஒரு புதுப் பெயரை வைத்துக்கொள்கின்றன. நிஜப் பெயரைச் சொல்வதில்லை. வேண்டுமென்றே மாற்றவும் யாராலும் முடியும். அட்டெண்டன்ஸ் எடுக்கிற ஆசையை அதோடு விட்டேன்.

விதிகளை எழுதினால் போதாது, சேமிக்கவும் வேண்டும். நம் ஊர் கரண்ட் பற்றித் தெரியுமே. ஒரு தடவை போய் வந்ததும் எல்லா விதியும் காணோம். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது தானாக ஏறும்படி செய்த பிறகுதான் நிம்மதி.

கடைசியாக இரண்டு காரியம். ஒன்று, சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். "இங்கே நடுவில் ஒரு வடிகட்டி இருக்கிறது. இன்னின்னதைத் தடுக்கிறது. உங்கள் வேலை எதுவும் தடைப்பட்டால் சொல்லுங்கள்." பாலம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இருக்கிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். இரண்டு, படிப்பகத்தின் இரண்டாவது சாவி இப்போது கடைக்காரனிடம். பாலம் படுத்துவிட்டால் எந்தக் கேபிளைப் பிடுங்கி எங்கே சொருக வேண்டும் என்று சிவப்பு டேப் ஒட்டிக் காட்டியிருக்கிறேன். அவன் செய்வதற்கு என் அனுமதி தேவையில்லை.

இன்று காலை கணக்கைப் பார்த்தேன். முகவரி விதியில் பல வாரம் பூச்சியமாக இருந்தது, இன்று 17. யாரோ கடையில் மறுபடி எதையோ தப்பாகச் சொருகியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. படித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் போய்க் கேபிளை மாற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். லீவில் வந்தால் படிப்பகத்துக்கு வருவாள். நான் அவளிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு நெட் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க தாத்தா?" என்றாள். "நான்தாம்மா போக வெச்சேன்" என்றேன். நம்பவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் நிச்சயம் பல பேர் இருக்கிறீர்கள். நேரம் தவறாமை நல்ல பழக்கம்தான், அதைச் சொல்லிக் கொடுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. உங்களை ஒரு தடவைகூட, "ஏன் லேட்டு, எந்த பஸ்ஸில் வருகிறாய்?" என்று கேட்காததற்கு வருத்தப்படுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தால் தனியாக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் போடுவேன்.

உங்களில் சில பேர் இன்று ஹெட்மாஸ்டர், சில பேர் அதிகாரி, சில பேர் பத்து இருபது பேருக்கு வேலை கொடுப்பவர்கள். உங்கள் கையிலும் ஒரு கேட் சாவி இருக்கும். நான் புத்தி சொல்ல வரவில்லை. மறதியாக ஏதாவது ஒன்றை வெளியில் விட்டிருக்கிறோமா என்று ஒரு தடவை பாருங்கள். விசாரிக்கிற வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது போதும்.

ஒரு வேண்டுகோள். பாலக் கம்ப்யூட்டரின் ஒரு நெட்வொர்க் கார்டு அடிக்கடி தூங்கிவிடுகிறது. யாரிடமாவது வேண்டாத பழைய கார்டு இருந்தால் அனுப்புங்கள். சின்ன யுபிஎஸ் ஒன்று கிடைத்தாலும் நல்லது. பணமாக வேண்டாம்.

கடைக்காரன் நேற்று மலையிலிருந்து இரண்டு படி சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தான். "சர்க்கரைக்கு நல்லது சார்" என்றான். இன்று மதியம் அதில்தான் சாப்பாடு.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்